கேபிளில் மிச்சமிருக்கும் 64 மெகாவாட்

பால்டிக் கடலில் கிரீகர்ஸ் ஃப்ளாக் என்றொரு மணல்திட்டு இருக்கிறது. டென்மார்க், ஜெர்மனி, ஸ்வீடன் ஆகிய மூன்று நாடுகளின் பொருளாதாரக் கடல் எல்லைகளும் அங்கே வந்து முட்டுகின்றன. ஆழம் குறைவு, காற்று தாராளம். மூன்று நாடுகளும் சேர்ந்து ஒரே கட்டமைப்பாகக் கட்டுவதென்றுதான் பேச்சு தொடங்கியது. 2010இல் ஸ்வீடன் விலகிக்கொள்ள, மற்ற இரண்டும் தொடர்ந்து 2020இல் வேலையை முடித்தன. நாடுகள் கடல் காற்றாலைகளைப் பகிர்ந்துகொள்வது பற்றிப் படிக்க விரும்புகிறவர்களுக்கு நாங்கள் முதலில் காட்டுவது இந்த இணைப்பைத்தான். அளவில் சிறியது. ஆனால் பெரிய திட்டங்களில் வரப்போகும் தலைவலிகள் எல்லாமே இதில் ஏற்கெனவே வந்துவிட்டன.

ஜெர்மனியின் பக்கம் இரண்டு காற்றாலைகள்: 48 மெகாவாட் பால்டிக் 1, 288 மெகாவாட் பால்டிக் 2. டென்மார்க்கின் பக்கம் 604 மெகாவாட் கிரீகர்ஸ் ஃப்ளாக் காற்றாலை. எப்படியும் ஒவ்வொன்றிலிருந்தும் அதனதன் கரைக்குக் கேபிள் போட்டாக வேண்டும். காற்று இல்லாத நேரத்தில் அவை சும்மா கிடக்கும். நடுக்கடலில் பால்டிக் 2க்கும் கிரீகர்ஸ் ஃப்ளாக்குக்கும் இடையே சுமார் 25 கிலோமீட்டருக்கு 150 கேவி (கிலோவோல்ட்) கேபிள் இரண்டைப் போட்டு முடிச்சுப் போட்டால், அதே கேபிள்கள் இரு நாட்டுக்கும் இடையே மின்சாரம் விற்கவும் வாங்கவும் உதவும். டென்மார்க் பக்கம் 220 கேவி என்பதால் கடல் மேடையிலேயே ஒரு டிரான்ஸ்பார்மர் நிலையம் தேவைப்பட்டது. யோசனை அவ்வளவுதான்.

சிக்கல் கணக்கில் வருகிறது. ஜெர்மன் பக்கத்து வழியின் கொள்ளளவு 400 மெகாவாட். காற்று பலமாக வீசும் நாளில் பால்டிக் 1, 2 இரண்டும் சேர்ந்து 336 மெகாவாட் தள்ளும். காற்றாலைக்கே முன்னுரிமை என்பது ஒப்பந்தம். ஆக வியாபாரத்துக்கு மிஞ்சுவது 64 மெகாவாட், அதாவது நூற்றுக்குப் பதினாறு. ஆனால் ஐரோப்பிய ஒன்றியத்தின் 2019ஆம் ஆண்டு மின்சந்தை விதியோ, எல்லை கடக்கும் கம்பிகளின் திறனில் குறைந்தது 70 சதவீதத்தை வியாபாரத்துக்குத் திறந்துவிடச் சொல்கிறது. 400இல் 70 சதவீதம் 280. அதை அப்படியே நிறைவேற்றினால், எந்தக் காற்றாலைக்காகக் கேபிள் போடப்பட்டதோ அதையே நிறுத்த வேண்டிவரும். அதனால் காற்றாலைக்குப் போக மீதியில்தான் அந்த 70 சதவீதத்தைக் கணக்கிட வேண்டும் என்று 2020 நவம்பரில் ஐரோப்பிய ஆணையம் விலக்கு தந்தது. எங்கள் பார்வையில் இந்தத் திட்டத்தின் மிக முக்கியமான உதிரிபாகம் அந்தக் காகிதம்தான். கேபிள் தொழிற்சாலையில் கிடைக்கும். ஒவ்வொரு மணி நேரத்திலும் அதில் யாருக்கு முதல் உரிமை என்பதை முன்கூட்டியே எழுதி வாங்கினால்தான் உண்டு.

இந்த உரிமையை நாள்தோறும் நடத்திக்கொடுப்பது மியோ என்ற கட்டுப்பாட்டு மென்பொருள். மறுநாளைக்கான சந்தை முந்தின நாள் நண்பகலில் மூடுகிறது. அதாவது நாளை இரவு கடைசி மணியில் எவ்வளவு காற்று வீசும் என்பதை 36 மணி நேரத்துக்கு முன்பே ஊகித்து, மிச்சத்தை விற்றுவிட வேண்டும். காற்றின் வேகத்துக்கும் சக்திக்கும் உள்ள உறவு மும்மடிப் பெருக்கம். 9 மீட்டர் வேகம் வரும் என்று நினைத்த இடத்தில் 8 மீட்டர்தான் வந்தால், கிடைப்பது முப்பது சதவீதம் குறைந்துவிடும். குறைந்தால் பாதகமில்லை, கேபிளில் கொஞ்சம் இடம் வீணாகும். கூடினால்தான் ஆபத்து. ஓர் உதாரணம்: ஜெர்மன் காற்றாலைகளில் 200 மெகாவாட் வரும் என்று கணித்து, மீதி 200ஐ டென்மார்க்கிலிருந்து ஜெர்மனிக்கு விற்றாயிற்று. நேரில் 290 வருகிறது. மொத்தம் 490. கேபிள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளும், ஏனென்றால் கடல்தரையில் புதைந்த கேபிள் சூடேற மணிக்கணக்கில் ஆகும். கரையில் இரு நாட்டுக் கட்டமைப்புகளையும் இணைக்கும் கன்வெர்ட்டர் (அது எதற்கென்று பின்னால் வருகிறது) பொறுக்காது. அதன் 410 மெகாவாட் எல்லைக்கு மேல் ஒரு நொடியும் ஓட்ட முடியாது. எனவே எதிர் வியாபாரம் செய்கிறார்கள்: டென்மார்க்கில் ஏதோ ஒரு நிலையத்தை 90 மெகாவாட் குறைக்கச் சொல்லி, ஜெர்மனியில் அதே அளவு கூட்டச் சொல்வது. காசு போகும், மின்சாரம் தப்பும். காற்றாலையைக் குறைப்பது கடைசிப் படி.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பக்கத்துப் பக்கத்துக் காற்றாலைகளுக்குக் காற்று ஒரே நேரத்தில்தான் வருகிறது. டென்மார்க் பக்கம் கேபிள் நிரம்பும் அதே மணியில் ஜெர்மன் பக்கமும் நிரம்பும். இதே சிக்கல் பாக் நீரிணைக்கும் பொருந்தும். மே முதல் செப்டம்பர் வரை ஆரல்வாய்மொழிக் கணவாயிலும் மன்னார்த் தீவிலும் வீசுவது ஒரே தென்மேற்குப் பருவக்காற்று. மதுரைக்கும் அநுராதபுரத்துக்கும் இணைப்புப் போடுவது பற்றிப் பேசும்போது, காற்று மிச்சமாகும் மாதங்களில் இரு கரையிலும் ஒன்றாகவே மிச்சமாகும் என்பதைத்தான் கணக்கின் முதல் வரியாக எழுத வேண்டும். அங்கே லாபத்தை இரு நாட்டின் உச்சத் தேவை நேரங்களுக்கு இடையிலுள்ள வித்தியாசத்தில் தேட வேண்டும்.

அந்தக் கன்வெர்ட்டர் எதற்கு என்று கேட்கலாம். டென்மார்க், ஜெர்மனி இரண்டும் 50 ஹெர்ட்ஸ்தானே? எண் ஒன்றுதான், துடிப்பு வேறு. கிழக்கு டென்மார்க் நோர்டிக் கட்டமைப்போடு சேர்ந்தது, ஜெர்மனி கண்ட ஐரோப்பாவோடு சேர்ந்தது. கண்டத்தில் 50 ஹெர்ட்ஸிலிருந்து 0.05 விலகினாலே கவலைப்படுவார்கள், நோர்டிக்கில் 0.1 வரை சாதாரணம். நம்மூர் மின்வாரியக்காரர்களுக்கு இது புதிதல்ல. 2013 டிசம்பர் 31 அன்று ராய்ச்சூர்–சோலாப்பூர் 765 கேவி லைன் இணையும்வரை தென்னகமும் தனித் துடிப்பில்தான் ஓடியது. பத்ராவதியிலும் காஜுவாக்காவிலும் உள்ள ‘பேக் டு பேக்’ நிலையங்கள் (மாறுமின்னை நேர்மின்னாக்கி, அங்கேயே மறுபக்கத்துத் துடிப்பில் மீண்டும் மாறுமின்னாக்குபவை) வழியாகவும், தால்ச்சர்–கோலார் நேர்மின் லைன் வழியாகவும்தான் பெரும்பாலும் வெளியிலிருந்து மின்சாரம் வந்தது. 2012 ஜூலைக் கடைசியில் வடக்கும் கிழக்கும் இருண்டபோது தெற்கு விழாமல் நின்றதற்கு அதுவும் ஒரு காரணம். கிரீகர்ஸ் ஃப்ளாக்குக்கு அதே வகை நிலையம் ரோஸ்டாக் நகருக்கு அருகே பென்ட்விஷில் கட்டப்பட்டது. முதலில் அதைக் கடல் மேடையில் வைக்கத்தான் திட்டம். விலை தாங்காததால் கரைக்குக் கொண்டுவந்தார்கள். விளைவு: ஜெர்மன் கடலில் ஜெர்மனிக்காகச் சுழலும் காற்றாலைகள் இன்று நோர்டிக் துடிப்பில் ஓடுகின்றன.

கரைக்குக் கொண்டுவந்ததற்கு விலை இருக்கிறது. பென்ட்விஷிலிருந்து பால்டிக் 2 வரை மாறுமின் கேபிள் நூறு கிலோமீட்டருக்கு மேல் நீள்கிறது. கேபிள் என்பது ஒரு நீளமான மின்தேக்கி. 150 கேவியில் கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 1.2 முதல் 1.4 மெகாவார் வரை (வேலை எதுவும் செய்யாமல் போய்வந்துகொண்டிருக்கும் ரியாக்டிவ் மின்திறனின் அளவு) அது தானாகவே உற்பத்தி செய்யும். நூறு கிலோமீட்டருக்கு நூற்றிருபதுக்கு மேல். காற்று ஓய்ந்த இரவில் லோடு இல்லாதபோது மறுமுனையில் மின்னழுத்தம் ஏறும். அதை உறிஞ்ச ரியாக்டர் என்னும் பெரிய கம்பிச்சுருளை வைக்க வேண்டும். ரியாக்டர் இல்லாமல் கேபிளைச் சார்ஜ் செய்வது கூடாது என்பதை, தவறான இயக்கத்தைத் தானே தடுக்கும் இன்டர்லாக்கிலேயே கட்டிவிட வேண்டும். ஆபரேட்டரின் நினைவாற்றலை நம்பி விடக்கூடாது.

பராமரிப்புக்கு லைன் கிளியர், அதாவது மின்சாரத்தை நிறுத்தி வேலை செய்ய அனுமதி, கொடுப்பதுதான் அடுத்த இடர். இரு முனையும் இரு நாட்டில். ஒரே பிரேக்கருக்கு இரண்டு பெயர், இரண்டு எண். இரு கட்டுப்பாட்டு அறைகளிலும் ஒரே ஒற்றைக்கோட்டு வரைபடம், இரண்டு எண்களும் அடுத்தடுத்து எழுதப்பட்டுத் தொங்க வேண்டும். திறந்தாயிற்று, பூட்டாயிற்று என்று மறுமுனை எழுத்தில் உறுதி தந்த பிறகுதான் மின்சாரம் இல்லை என்று சோதிப்பது. சோதித்த பிறகுதான் எர்த் செய்வது. துண்டித்த கேபிளிலும் சார்ஜ் தங்கியிருக்கும், அது ஆளைக் கொல்லும். நேரத்தையும் இரண்டாக எழுத வேண்டும். பிரிட்டனுக்கும் டென்மார்க்குக்கும் இடையே 765 கிலோமீட்டர் ஓடும் 1400 மெகாவாட் வைக்கிங் லிங்க் போன்ற இணைப்பில் ஒரு முனைக்கும் மறுமுனைக்கும் ஒரு மணி நேர வித்தியாசம். கடிகாரம் மாற்றும் ஞாயிற்றுக்கிழமைகளில் நாளுக்கு 23 மணி அல்லது 25 மணி. ‘மூன்று மணிக்கு’ என்று மட்டும் சொன்னால் எந்த மூன்று?

2023இல் ஓஸ்டெண்டில் ஒன்பது நாடுகள் கூடி வடகடல்களில் 2050க்குள் 300 ஜிகாவாட் என்று இலக்கு வைத்தன. அதில் பெரும்பகுதி கேபிளை நம்பியது. கேபிளோ கப்பல்களின் நங்கூரம் தன்மேல் மாட்டாமல் இருப்பதை நம்பியது. 2024 டிசம்பர் 25 அன்று பின்லாந்துக்கும் எஸ்டோனியாவுக்கும் இடையிலான எஸ்ட்லிங்க் 2 அறுந்தபோது, இரு நாட்டுக்கும் இடையிலான இணைப்புகளின் மொத்தத் திறன் 1016 மெகாவாட்டிலிருந்து 358க்கு இறங்கியது. பழுது சரியாக 2025 ஜூன் ஆயிற்று. அறுந்த இடத்தைத் துடிப்பலை அனுப்பிக் கண்டுபிடிக்க வேண்டும். இரு பக்கமும் தண்ணீர் புகுந்த நீளத்தை வெட்டி எறிய வேண்டும். கப்பல் தளத்துக்கு ஏற்றி இறக்க ஆழத்தின் மடங்குகளில் கூடுதல் நீளம் வேண்டும். ஆகவே ஒரு காயத்துக்கு இரண்டு ஜாயிண்ட், நடுவே உதிரிக் கேபிள். ஒவ்வொரு ஜாயிண்ட்டுக்கும் ஈரமில்லாத கொட்டகைக்குள் நாட்கணக்கில் வேலை. அத்தனை நாளும் கடல் அமைதியாக இருக்க வேண்டும். அந்த உதிரி நீளமும் ஜாயிண்ட் கிட்டும் எந்த நாட்டுத் துறைமுகத்தில், யார் செலவில், யார் சாவியில் இருக்கும் என்பதை முதல் கேபிளுக்கு ஆர்டர் கொடுக்கும் அன்றே எழுதி, இரு தரப்பும் கையெழுத்திட்டுவிட வேண்டும். அறுந்த பிறகு பேசத் தொடங்கினால் அந்தப் பேச்சுக்கே ஒரு குளிர்காலம் போய்விடும்.