‘மக்கள் எங்கே?’: சீனக் கிளர்ச்சிகளில் பெண்கள் என்ற கேள்வியை நான் படித்த விதம்

முதுகலை வரலாறு இரண்டாம் ஆண்டில் எங்களுக்குச் சீனா, ஜப்பான் வரலாறு ஒரு தாளாக இருந்தது. உள்மதிப்பீட்டுத் தேர்வில் பதினைந்து மதிப்பெண்ணுக்கு ஒரு கேள்வி வந்தது: ‘அந்நிய ஆதிக்கத்துக்கு எதிரான சீன மக்கள் கிளர்ச்சிகளில் பெண்களின் பங்கை மதிப்பிடுக.’ அன்று சீனாவை ஆட்டிவைத்த பேரரசி சிஷியைப் பற்றி எனக்குத் தெரிந்ததை எல்லாம் கொட்டினேன். பாக்ஸர் கிளர்ச்சியின்போது 1900 ஜூன் 21இல் அந்நிய வல்லரசுகளுக்கு எதிராக வெளிவந்த போர் அறிவிப்பு, ஆகஸ்டில் அவர் தலைநகரை விட்டு ஷியானுக்குப் போனது, 1901 உடன்படிக்கை, 45 கோடி தேல் (சீன எடை அளவு) வெள்ளி இழப்பீடு என்று நான்கு பக்கம் நிரம்பியது. ஆறு மதிப்பெண் கிடைத்தது. ஓரத்தில் சிவப்பு மையில் பேராசிரியர் எழுதியிருந்தது இரண்டே சொற்கள்: ‘மக்கள் எங்கே?’

அந்தக் குறிப்பு நியாயமானது. அதற்குப் பிறகு பருவத் தேர்வுக்கும், பின்னர் விரிவுரையாளர் தகுதித் தேர்வுக்கும் இந்தப் பகுதியை மறுபடி மறுபடி படித்தேன். இதே தாளை எழுதப் போகிறவர்களுக்குப் பயன்படும் என்பதால் படித்த விதத்தைச் சொல்கிறேன்.

முதலில், எந்தக் கிளர்ச்சி என்று தீர்மானித்துக்கொள்ளுங்கள். நம் குறிப்பேடுகளில் தைப்பிங் கிளர்ச்சிதான் (1851–64) பெண்களுக்குப் பெயர்போனது. பெண்களுக்கெனத் தனி முகாம்கள், அன்றைய வழக்கப்படி கால்களை இறுகக் கட்டிச் சிறிதாக்கிக்கொள்ளாத ஹக்கா இனப் பெண்கள் என்று எழுத நிறைய இருக்கிறது. ஆனால் அந்தக் கிளர்ச்சி அப்போது சீனாவை ஆண்ட மஞ்சு அரச வம்சத்தை வீழ்த்த எழுந்தது. கேள்வி அந்நிய வல்லரசுகளைப் பற்றியது என்றால் தைப்பிங்குக்கு ஒப்பீடாக ஒரு வாக்கியம் போதும். நான் 1841இல் தொடங்கினேன்.

அந்த ஆண்டு மே மாதக் கடைசியில், முதல் அபினிப் போரின்போது, குவாங்ஜோ நகருக்கு வெளியே சான்யுவான்லி என்ற ஊரைச் சுற்றியிருந்த கிராமத்தார் ஆயிரக்கணக்கில் திரண்டு பிரிட்டிஷ் படையை எதிர்த்தார்கள். படையினர் கொள்ளையடித்தது, கல்லறைகளைத் திறந்தது, பெண்களிடம் அத்துமீறியது ஆகிய மூன்றும் அவர்களைக் கிளப்பிவிட்டதாகச் சொல்லப்படுகிறது. இடியும் மழையுமாக இருந்த அன்று, பிரிட்டிஷ் படையில் இருந்த 37ஆம் மதராஸ் காலாட்படையின் ஒரு பிரிவு நெல்வயல்களுக்கு நடுவே வழிதவறித் தனித்துவிட்டது. வெடிமருந்து நனைந்து துப்பாக்கிகள் வெடிக்கவில்லை. மழையிலும் சுடக்கூடிய புதுவகைத் துப்பாக்கியோடு வந்த கடற்படை வீரர்கள்தான் அவர்களை மீட்டார்கள். இதைப் படித்தபோது புத்தகத்தை மூடிவைத்துவிட்டுச் சற்று நேரம் உட்கார்ந்திருந்தேன். சீனத்து விவசாயி மண்வெட்டியோடு சூழ்ந்து நின்றது நம் மாகாணத்தின் பெயர் தாங்கிய படையை.

சான்யுவான்லிக் கதையில் பெண்கள் கிளர்ச்சியின் காரணமாக வருகிறார்கள். ஊரின் மானமாக வருகிறார்கள். தாங்களாக எதுவும் செய்பவர்களாக வருவதில்லை. இதை விடைத்தாளில் வெளிப்படையாக எழுதுங்கள். அறுபது ஆண்டுகளுக்குள் நடந்த மாற்றத்தை அளக்க இதுவே அளவுகோல்.

அடுத்து பாக்ஸர் கிளர்ச்சி. விடையின் பாதி இங்கேதான் செலவாக வேண்டும். பின்னணியைச் சுருக்கமாக முடித்துவிடலாம்: 1897இல் ஷான்டுங் மாகாணத்தில் இரண்டு ஜெர்மானியப் பாதிரியார்கள் கொலை, அதைச் சாக்காக வைத்து ஜெர்மனி ஜியாவ்ஜோ விரிகுடாவைப் பிடித்தது, 1898இல் மஞ்சள் ஆற்று வெள்ளம், அதன்பின் வடக்கே கடும் வறட்சி. மழை பெய்யாததற்கு அந்நியரும் அவர்கள் மதமுமே காரணம் என்று நம்பிய இளைஞர்கள் யிஹெதுவான் என்ற பெயரில் திரண்டார்கள். பாக்ஸர்கள் என்பது இவர்களைத்தான். சாமி இறங்கிவிட்டால் குண்டு துளைக்காது என்பது அவர்கள் நம்பிக்கை.

அவர்களோடு எழுந்தவர்கள்தான் ஹோங்தெங்ஜாவ், அதாவது செவ்விளக்குப் பெண்கள். பெரும்பாலோர் பன்னிரண்டிலிருந்து பதினெட்டு வயதுக்குள் இருந்த, மணமாகாத பெண்கள். சிவப்பு உடை, ஒரு கையில் சிவப்பு விளக்கு, மறு கையில் சிவப்பு விசிறி. அவர்கள் வானில் பறப்பார்கள், நீர்மேல் நடப்பார்கள், மேலிருந்து அந்நியர் வீடுகளுக்குத் தீ வைப்பார்கள், பீரங்கியை வாயடைக்கச் செய்வார்கள் என்று மக்கள் நம்பினார்கள். இரவு வானில் செவ்வொளி நகர்வதைப் பார்த்ததாகச் சொன்னவர்கள் பலர். கைம்பெண்களுக்கு நீல விளக்கு, முதிய பெண்களுக்குக் கறுப்பு விளக்கு என்று வேறு குழுக்களும் பேசப்பட்டன. எடுக்க எடுக்கக் குறையாத பானையிலிருந்து கிளர்ச்சியாளருக்குச் சோறு போடும் ‘மண்பானைக் குழு’வும் உண்டு. அட்சய பாத்திரம் அறிந்த நமக்கு அந்த நம்பிக்கை எளிதில் புரியும். நிஜத்தில் சமையலும், காயம்பட்டவருக்குச் செய்த பணிவிடையும் அந்த நம்பிக்கைக்குப் பின்னால் இருந்தன.

பெரும்பாலான விடைத்தாள்கள் இந்த வருணனையோடு நின்றுவிடும். நீங்கள் ஒரு படி மேலே போக வேண்டும். ஏன் இளம்பெண்கள்? இதற்கு விடை தேடியபோதுதான் எனக்கு மொத்தப் பகுதியும் திறந்தது.

1900 ஜூன் 16 அன்று பெய்ஜிங்கில் தாஷிலான் கடைத்தெருவில், மேல்நாட்டு மருந்து விற்ற கடை ஒன்றுக்குப் பாக்ஸர்கள் தீ வைத்தார்கள். தங்கள் மந்திரத்தால் தீ அடுத்த கடைக்குப் பரவாது என்று உறுதி கூறியிருந்தார்கள். தீ பரவி, சுற்றுவட்டாரக் கடைகளும் வீடுகளும் பெருமளவில் எரிந்து போயின. மந்திரம் ஏன் பலிக்கவில்லை? யாரோ ஒரு பெண் வீட்டிலிருந்து அழுக்குத் தண்ணீரை வெளியே கொட்டிவிட்டாளாம். போர்க்களங்களிலும் இதே பழிதான்: எதிரிகள் அம்மணமான பெண்களை முன்னே நிறுத்தியதால் மந்திரம் கெட்டது என்றார்கள். நாம் தீட்டு என்று சொல்வதை அந்தக் கிளர்ச்சி பீரங்கியைவிட அதிகமாக அஞ்சியது. பருவமெய்தாத, அல்லது மணமாகாத பெண்ணிடம் அந்தத் தீட்டு இல்லை என்று கருதினார்கள். ஆகவே ஆண்களின் மந்திரம் தோற்கும் இடத்தில் அவள் மந்திரம் வெல்லும். பெண்ணை ஒதுக்கிய அதே நம்பிக்கைதான் சிறுமியின் கையில் சிவப்பு விளக்கைக் கொடுத்தது. இதை எழுதினால் உங்கள் விடையைத் திருத்துபவர் நிமிர்ந்து உட்காருவார்.

அடுத்தது சான்றுகளைப் பற்றியது. செவ்விளக்குப் பெண்கள் அந்நாளில் தம் கைப்பட எழுதிய ஒரு கடிதமோ நாட்குறிப்போ எனக்குக் கிடைக்கவில்லை. நாம் படிப்பவை பாதிரியார்கள் எழுதியவை, அவர்களை வெறுத்த சீனப் படிப்பாளிகள் எழுதியவை, பல பத்தாண்டுகள் கழித்துப் பல்கலைக்கழகத்தார் பெய்ஜிங்குக்கு அருகிலுள்ள தியான்ஜின் நகரத்திலும் ஷான்டுங்கிலும் முதியவர்களிடம் கேட்டுப் பதிந்தவை. இதை உணர எனக்கு உதவியது ஒரு சின்னப் பயிற்சி. பழைய கணக்கு நோட்டில் ஒரு பக்கத்தின் நடுவே கோடு கிழித்தேன். இடப்பக்கம் ‘என்ன சொன்னார்கள்’, வலப்பக்கம் ‘யார் சொன்னது’. தலைப்பில் லின் ஹெய்யர் என்று எழுதினேன்.

லின் ஹெய்யர் தியான்ஜினில் ‘மஞ்சள் தாமரைப் புனிதத் தாய்’ என்று வணங்கப்பட்டவர். சிவப்புத் துணி சுற்றிய படகில் ஆற்றில் தங்கியிருந்தார். மக்கள் கரையில் ஊதுபத்தி ஏற்றி மண்டியிட்டார்கள். காயம்பட்ட பாக்ஸர்களுக்கு அவர் சிகிச்சை செய்தார். ஜிலி மாகாண ஆளுநர் யூலுவே அவரை மாளிகைக்கு அழைத்து வணங்கி, நகரத்தின் கதி என்னவாகும் என்று கேட்டதாகக் கூறுவார்கள். இவ்வளவும் இடப்பக்கம் சேர்ந்தது. அவர் படகோட்டியின் மகள், கழைக்கூத்தாடியவர், பாலியல் தொழில் செய்தவர் என்று மூன்று வரலாறுகளும் அதே பக்கத்தில் ஒன்றன்கீழ் ஒன்றாக வந்தன. வலப்பக்கத்தை நிரப்பியபோதுதான் புரிந்தது: இழிவான பிறப்பைச் சொன்ன குறிப்புகள் பெரும்பாலும் கிளர்ச்சியை வெறுத்தவர்களுடையவை. 1900 ஜூலை 14இல் தியான்ஜின் வீழ்ந்த பின் அவர் என்ன ஆனார் என்பதிலும் குறிப்புகள் ஒத்துப்போவதில்லை. ஏதேனும் ஒன்றை உண்மை என்று எழுதிவிடாதீர்கள். முரண்பாட்டையே எழுதுங்கள், அதற்கும் மதிப்பெண் உண்டு.

எதிர்த்தரப்பில் இருந்த சீனப் பெண்களையும் விட்டுவிடாதீர்கள். கிறித்தவர்களாக இருந்த காரணத்தால் கொல்லப்பட்டவர்களில் பெண்கள் ஏராளம். பெய்ஜிங்கில் அந்நியத் தூதரகங்களைச் சுற்றி 55 நாள் நீடித்த முற்றுகையில் உள்ளே அடைக்கலம் புகுந்திருந்த சீனக் கிறித்தவப் பெண்கள் மணல்மூட்டைகளுக்குப் பை தைத்தார்கள். கிளர்ச்சியை அடக்க எட்டு நாட்டுப் படைகள் நுழைந்தபின் பல ஊர்களில் பெண்கள் கிணறுகளில் விழுந்து மாண்டார்கள். இந்த வரியை ஒவ்வொரு முறை எழுதும்போதும் என் கை தயங்கியது.

கூடுதலாக ஒரு செய்தி: மாவோவின் பண்பாட்டுப் புரட்சிக் காலத்தில், 1967இல், செவ்விளக்குப் பெண்களைச் செங்காவலரின் (மாவோவை ஆதரித்த இளைஞர் படையின்) முன்னோடிகளாகச் சீனப் பத்திரிகைகள் புகழ்ந்தன. நேரம் இருந்தால் இரண்டு வரி எழுதுங்கள். இல்லையென்றால் விட்டுவிடலாம்.

முடிவுப் பகுதிக்கு நான் மீண்டும் தியான்ஜினுக்கே போனேன். 1919இல், ஷான்டுங்கில் ஜெர்மனிக்கு இருந்த உரிமைகளை முதல் உலகப் போருக்குப் பின் கூடிய வெர்சாய் மாநாடு ஜப்பானுக்குக் கொடுத்தபோது, அதே தியான்ஜினில் மாணவிகளும் ஆசிரியைகளும் பெண்கள் தேசபக்திச் சங்கம் அமைத்தார்கள். லியூ சிங்யாங் அதன் தலைவர்களில் ஒருவர். ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் படித்த, பதினைந்து வயதான தெங் யிங்ச்சாவ் பேச்சாளர் குழுவில் இருந்தார். மாணவர்களைப் போல மாணவிகள் தெருமுனையில் நின்று பேசுவதை அன்றைய சமூகம் ஏற்கவில்லை. ஆகவே அவர்கள் அரங்குகளில் பேசினார்கள். வீடு வீடாகப் போனார்கள். சில வீடுகளில் கதவு சாத்தப்பட்டது. அடுத்த வீட்டுக் கதவைத் தட்டினார்கள்.

செவ்விளக்குப் பெண்ணின் வயதும் இந்த மாணவியின் வயதும் ஏறக்குறைய ஒன்றே. நகரமும் ஒன்று, இடைவெளி பத்தொன்பது ஆண்டுகள். முன்னவளைப் பற்றிப் பிறர் எழுதியதையே படிக்கிறோம். தெங் யிங்ச்சாவோ பிற்காலத்தில் தம் நினைவுகளைத் தாமே சொன்னார். பருவத் தேர்வில் இந்த ஒப்பீட்டை முக்கால் பக்கத்துக்கு எழுதினேன். 1938 அக்டோபரில் ஜப்பானியப் படையிடம் பிடிபட மறுத்து வுஸிஹுன் ஆற்றில் இறங்கிய எட்டுப் பெண் போராளிகளைப் பற்றியும் எழுத நினைத்து, அவர்களில் இருபத்து மூன்று வயதான லெங் யுன் என்ற பெயரை எழுதும்போது மணி அடித்துவிட்டது.

நீங்கள் நேரத்தை இப்படிப் பிரித்துக்கொள்ளுங்கள்: சான்யுவான்லிக்கு ஐந்து நிமிடம், பாக்ஸருக்குப் பதினைந்து, 1919க்கு ஏழு, 1938க்கு மூன்று. சீனப் பெயர்களைத் தமிழில் எப்படி எழுதினாலும் தாள் முழுவதும் ஒரே மாதிரி எழுதுங்கள்.