கடுதாசில வந்த பங்காளிக

காரைக்குடிப் பக்கம் எங்காளுக, அதான் நகரத்தாரு, ரெண்டு பேரு புதுசா பாத்துக்கிட்டா பேரக் கேக்குறதுக்கு முன்னாடியே எந்தக் கோயில்னு கேட்டுருவாக, இளையாத்தங்குடி மாத்தூர் நேமம்னு மொத்தம் ஒம்போது, ஒரே கோயில்னா பங்காளி, அம்புட்டுதான். இதுல எங்க ஐயா கதை வேற, அவுக பிள்ளை வந்தவுக, அதாவது தத்து வந்தவுக, பிறந்த வீட்டுக் கோயில விட்டுட்டு கூட்டிக்கிட்ட வீட்டுக் கோயில்ல புள்ளி ஆனவுக.

தாமஸ் மெர்ட்டனோட லெட்டரெல்லாம் படிக்கிறப்ப எனக்கு ஐயா ஞாபகம்தான் வருது. மெர்ட்டன் 1941ல அமெரிக்கால கென்டக்கில இருக்கற கெத்செமனி மடத்துல சேர்ந்த ட்ராப்பிஸ்ட்ங்கற கத்தோலிக்க சபைத் துறவி, எழுத்தாளரு. அப்பல்லாம் அங்க பேச்சுக்குப் பதிலா பெரும்பாலும் சைகைதான். ஆறு வயசுல அம்மா போயாச்சு, 1931ல அப்பா, 1943ல போர்ல ஒரே தம்பி. இப்படிப்பட்ட மனுசன் மடத்துக்குள்ள உக்காந்துக்கிட்டு தபால்லயே சொந்தம் சேத்துருக்காரு.

1958 ஆகஸ்ட்ல ரஷ்ய எழுத்தாளர் பாஸ்டர்நாக்குக்கு எழுதுறாரு, மத்த எழுத்தாளருககிட்ட கருத்தப் பகிர்ந்துக்கலாம் ஆனா உங்ககிட்ட அதுக்கும் ஆழத்துல ஏதோ ஒண்ணு இருக்கு, அங்க ஆளுக்கு ஆள் தனித்தனின்னே இல்லைங்கற மாதிரி. பாஸ்டர்நாக்குக்கு நோபல் அறிவிச்சது அக்டோபர்லதான், அதனால பேரு பெருசானப்புறம் ஒட்டிக்கிட்ட உறவுன்னு யாரும் சொல்லிற முடியாது.

போலந்துக் கவிஞர் மிவோஷுக்கு எழுத ஆரம்பிச்சதும் அதே வருசம்தான். அவரு வேற ரகம், இயற்கைன்னாலே அழகு அமைதின்னு எழுதுறீரே அதுல இருக்கற கொடூரம் கண்ணுல படலையான்னு நேராவே கேட்டுட்டாரு. மெர்ட்டன் முறைச்சுக்கல, லெட்டர் அவரு சாகுற வருசம் 1968 வரைக்கும் போகுது. பங்காளின்னா சண்டை இல்லாமயா.

நம்மூர்ல ஒருத்தர் எழுத்துல இன்னொருத்தர் பாதிப்பு இருக்குன்னா ஏதோ கடன் பத்திரத்தக் கண்டுபிடிச்ச மாதிரி பேசுறாக. மெர்ட்டனுக்கு அந்தக் கூச்சமே இல்ல. கிறிஸ்தவப் புனிதர் அகஸ்டினப் படிங்கன்னு அவருகிட்ட சொன்னதே வங்காளத்துலேர்ந்து போன இந்துத் துறவி மகாநாம்பிரத பிரம்மச்சாரிதான், அத அவரே சுயசரிதைல எழுதி வச்சிருக்காரு, தன் வீட்டுப் பெட்டகத்துல இருந்தத அடுத்த வீட்டுக்காரர் வந்து காட்டிக் குடுத்த கதை!

நேத்து வளவுல உக்காந்து அப்பத்தாகிட்ட பாஸ்டர்நாக் லெட்டர் கதையச் சொன்னேன். வெத்தலைய மடிச்சுக்கிட்டே கேட்டுட்டு, "ரெண்டு பேரும் எந்தக் கோயிலாம்?"ன்னாக.

"கோயில்லாம் இல்ல அப்பத்தா, நேர்ல பாத்ததே இல்ல."

"கடுதாசிக்குப் பதில் போட்டாகளா?"

"போட்டாக."

"அப்பறமென்ன"ன்னு சுண்ணாம்பு டப்பாவத் தேட ஆரம்பிச்சுட்டாக.