யுஜிசி கொடுத்த தன்னாட்சியைப் பல்கலைக்கழகத்திடமிருந்து வாங்கிய கதை

கல்லூரிக்குத் தன்னாட்சி (பாடத்திட்டமும் தேர்வும் நாமே பார்த்துக்கொள்ளும் உரிமை) வாங்கலாமா என்று யோசிக்கிற முதல்வர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன், யுஜிசி, அதாவது பல்கலைக்கழக மானியக் குழுவின் பகுதி ஒன்றும் பெரிய விஷயம் இல்லை. நாக் என்ற தர மதிப்பீட்டு அமைப்பின் 'ஏ' கிரேடு இருந்தது, கல்லூரிக்குப் பத்து வயது தாண்டியிருந்தது, 2023 விதிமுறைக்குப் பிறகு நிபுணர் குழு நேரில் வந்து பார்ப்பதும் கிடையாது. யுஜிசி சட்டம் 2(எஃப்) பிரிவில் கல்லூரியை அங்கீகரித்த கடிதத்தின் பழைய நகலைத் தேடி பீரோக்களைக் கவிழ்த்தது தவிர அலைச்சலே இல்லை. போர்ட்டலில் ஏற்றினோம், பல்கலைக்கழகம் 30 நாளில் கருத்துச் சொல்லவில்லை, சொல்லாவிட்டால் ஆட்சேபம் இல்லை என்றுதான் அர்த்தம் என்று விதியே சொல்கிறது, பத்து வருடத்துக்குத் தன்னாட்சி என்று கடிதம் வந்துவிட்டது.

அன்றைக்கு லட்டு கொடுத்தோம். கொஞ்சம் பொறுத்திருக்கலாம்.

யுஜிசி கடிதம் கிடைத்த 30 நாளுக்குள் பல்கலைக்கழகம் அறிவிக்கை வெளியிட வேண்டும். அது வராமல் நாமே தேர்வு நடத்த முடியாது, ஏனென்றால் பட்டம் தரப்போவது அவர்கள்தான். ஆனால் ஒரு கல்லூரி தன்னாட்சி ஆனால் அதன் தேர்வுக் கட்டண வருமானம் பல்கலைக்கழகத்தின் கையை விட்டுப் போய்விடும். இதை அங்கே யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள், "இது சிண்டிகேட்டுக்குப் போகணும் மேடம்" என்பார்கள். சிண்டிகேட் என்பது பல்கலைக்கழகத்தின் ஆட்சிக்குழு, அது எப்போது கூடும் என்று கேட்டால் தேதி இல்லை. துணைவேந்தர் பதவியே காலி, அவர் இடத்தில் பொறுப்புப் பார்க்கும் கன்வீனர் குழுதான் கையெழுத்துப் போடுகிறது, அந்தக் குழுவில் ஒருவர் எப்போதும் வெளியூரில்.

பல்கலைக்கழகத்தின் இணைவுப் பிரிவுக் கண்காணிப்பாளரிடம் விதிமுறையின் அந்தப் பக்கத்தை மஞ்சள் மார்க்கர் போட்டு நீட்டினேன். வாங்கினார், திருப்பிப் பின்பக்கத்தைப் பார்த்தார், அது வெள்ளையாக இருந்தது, அதிலேயே யாருடைய போன் நம்பரையோ குறித்துக்கொண்டார். "அதெல்லாம் டெல்லியில மேடம், இங்க ஆபீஸ் நடைமுறைன்னு ஒண்ணு இருக்கில்ல?" அப்புறம் தேர்வுப் பிரிவிலிருந்து நிலுவை இல்லாச் சான்று கேட்டார். தேர்வுப் பிரிவு வேறு வளாகத்தில். அங்கே போனால், ஏதோ பழைய செய்முறைத் தேர்வுக்கான தொகை நாங்கள் கட்டவில்லை என்று ஒரு பதிவேடு. கட்டிய ரசீது எங்கள் கல்லூரியில். மறுபடி வந்து, எடுத்துக்கொண்டு போய், சான்று வாங்கி இணைவுப் பிரிவில் கொடுத்தால், கண்காணிப்பாளர் விடுப்பு.

அந்த நாளில்தான் பக்கத்து இருக்கை உதவியாளர் ஒரு நல்ல காரியம் செய்தார். "உங்க ந.க. எண் என்ன மேடம்?" என்று கேட்டார். கோப்புக்குப் போடும் அந்த எண்ணை எனக்கு யாரும் தரவில்லை என்றேன். பதிவேட்டைப் புரட்டிவிட்டுத் தயங்கித் தயங்கிச் சொன்னார், எங்கள் கடிதத்துக்கு இன்னும் கோப்பே தொடங்கவில்லை. சிண்டிகேட், கன்வீனர், நிலுவை என்று இவ்வளவு நாள் ஓட வைத்தது இல்லாத ஒரு ஃபைலுக்காக!

கோபப்பட்டுப் பிரயோஜனம் இல்லை. கடிதம் கொடுத்தால் தபால் பிரிவு முத்திரை வாங்குங்கள், முத்திரையோடு நிற்காமல் ந.க. எண்ணையும் கேளுங்கள், கையில் கொடுத்துவிட்டு "சார் பாத்துக்குவார்" என்று மட்டும் வந்துவிடாதீர்கள். நான் பதிவாளருக்குப் புதிதாக ஒரு கடிதம் எழுதினேன், திட்டவில்லை, குறை சொல்லவில்லை, விதி இன்ன பிரிவு, கெடு இன்ன தேதியில் முடிந்தது, மாணவர் சேர்க்கை தொடங்கப்போகிறது, நகல் யுஜிசி செயலாளருக்கு. அந்தக் கடைசி வரிதான் வேலை செய்தது. பல்கலைக்கழகங்கள் இப்படி இழுத்தடிப்பது யுஜிசிக்கும் தெரியும், அவர்களே எழுதி நினைவூட்ட வேண்டி வந்த விஷயம்தான். சிண்டிகேட் ஒப்புதலைப் பின்னால் வாங்கிக்கொள்ளலாம் என்று குறிப்புப் போட்டு அறிவிக்கை கொடுத்துவிட்டார்கள். முதலிலேயே இப்படிக் கொடுத்திருக்கலாமே என்று கேட்க நாக்கு துடித்தது, கேட்கவில்லை.

வெளியே இப்படி என்றால் உள்ளே வேறு மாதிரி. எங்கள் ஸ்டாஃப் கவுன்சிலில் எதிர்ப்பு வரும் என்று தெரியும், வேலை கூடும் என்பதுதான் காரணம் என்று நினைத்திருந்தேன். கூட்டத்துக்கு முன் துறைத்தலைவர்களைத் தனித்தனியாகப் பார்த்தபோது ஒரு மூத்த பேராசிரியர் சொன்னது வேறு: "கேள்வித்தாள் வெளிய போச்சுன்னா இனிமே பல்கலைக்கழகத்தைக் கை காட்ட முடியாது மேடம், நம்ம பேர்தான் பேப்பர்ல வரும்." நியாயமான பயம். இதைக் கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் அவர் சொல்லியிருக்க மாட்டார், பணிச்சுமை என்றுதான் பேசியிருப்பார், நானும் பணிச்சுமைக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்திருப்பேன். கேள்வித்தாள் வெளியிலிருந்து வரும், அறைச் சாவி இரண்டு பேரிடம், மாற்றி மாற்றிப் பொறுப்பு என்று எழுதிக் காட்டினேன். கூட்டம் டீ வருவதற்குள் முடிந்தது.

கல்லூரி நிர்வாகத்தின் செயலர்தான் கடினம். தேர்வுக் கட்டுப்பாட்டாளர் பதவிக்கு அவர் மனதில் ஒரு ஆள், நிதிக்குழுவுக்குத் தானே தலைவர் என்ற எண்ணம் வேறு. நிதிக்குழுவுக்கு முதல்வர்தான் தலைவர் என்று விதியில் இருக்கிறது. அதை அவர் முகத்துக்கு நேரே, அதுவும் நாலு பேர் முன்னால் சொன்னால், அடுத்த நாளிலிருந்து ஒரு சாக்பீஸ் வாங்கக்கூட கையெழுத்து வராது. அந்தப் பக்கத்தை மட்டும் அஜெண்டாவோடு பின் செய்து முதல் நாள் மாலையே அவர் வீட்டுக்கு அனுப்பினேன். கூட்டத்தில் அவரே, "விதிப்படி மேடம்தான் இருக்கணும்" என்று பெரிய மனதோடு அறிவித்தார். கைதட்டினோம். கட்டுப்பாட்டாளர் விஷயத்தில் பெயர்கள் மேஜைக்கு வருவதற்கு முன்பே தகுதியைத் தீர்மானமாகப் போட்டுவிட்டோம், இத்தனை வருட அனுபவம், தேர்வுப் பணி செய்திருக்க வேண்டும் என்று. அவருடைய ஆள் அதில் வரவில்லை. மினிட்ஸ் அன்று மாலையே கையெழுத்தானது, ஒரு ராத்திரி விட்டால் தீர்மானத்தில் ஒரு சொல் மாறும்.

இன்னொரு எச்சரிக்கை. அறிவிக்கை வரும் வரை எங்கேயும் 'தன்னாட்சி' என்று போடாதீர்கள். எங்கள் நிர்வாகம் வாசல் வளைவில் எழுதிவிட்டது, யாரோ அதைப் படம் எடுத்துப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பினார்கள் (யாரென்று தெரியும், இப்போது நல்ல நண்பர்), விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. பெயின்டரைக் கூப்பிட்டு அந்த ஒரு சொல்லை மட்டும் அழித்தோம்.

இப்போது பாடத்திட்டக் குழுக்கள். ஒவ்வொரு துறைக்கும் ஆறு நிபுணர் பெயர்களை நான் அனுப்ப, அதில் ஒருவரைத் துணைவேந்தர் நியமிக்க வேண்டும். துணைவேந்தர் இன்னும் இல்லை. பட்டியலைக் கொடுத்து ந.க. எண் வாங்கி வைத்திருக்கிறேன், அடுத்த வாரம் போய்க் கேட்க வேண்டும்.