செங்டுவில் கல் உருளை இழுத்தவர்கள்

இரண்டு நாளாக ஒரு பழைய கறுப்பு வெள்ளைப் படமே மனதில் நிற்கிறது. 1944, சீனாவின் செங்டு. ஆளைவிட உயரமான கல் உருளையை நூற்றுக்கணக்கான விவசாயிகள் கயிறு கட்டி இழுக்கிறார்கள்.

அமெரிக்காவின் பி-29 குண்டுவீச்சு விமானங்கள் இறங்க ஓடுபாதை வேண்டும், எந்திரங்கள் இல்லை, அதனால் ஆற்றங்கல்லைக் கூடையில் சுமந்து, சுத்தியலால் உடைத்து, கையாலேயே பரப்பி, லட்சக்கணக்கான பேர் சேர்ந்து சில மாதங்களில் முடித்திருக்கிறார்கள். பெட்ரோல்கூட இந்தியாவிலிருந்து இமயமலையைத் தாண்டி விமானத்தில்தான் போனது. அப்புறம் ஜூன் 15 அன்று அங்கிருந்து கிளம்பிய விமானங்கள்தான் ஜப்பானின் யவாடா இரும்பாலையைத் தாக்கின.

விமானிகளின் பெயர்கள் கிடைக்கின்றன. எனக்கு அந்தக் கயிற்றைப் பிடித்தவர்களின் பெயர்கள் வேண்டும், இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.