தாராவிக்கு எது நம்ம படம்?

எங்கள் வீட்டில் மாமா 'நாயகன்' கட்சி, நான் 'காலா' கட்சி. மும்பையின் தாராவிக் குடிசைப் பகுதியில் பிறந்து வளர்ந்தவளுக்கு இது வெறும் சினிமாப் பேச்சு இல்லை.

1987-ல் வந்த 'நாயகன்' கமலுக்கும் ஒளிப்பதிவாளர் பி.சி.ஸ்ரீராமுக்கும் கலை இயக்குநர் தோட்டா தரணிக்கும் தேசிய விருது வாங்கித் தந்தது. அந்த ஒளியும் செட்டும் இன்றைக்கும் அசத்துகின்றன. ஆனால் அதில் தாராவி மக்கள் யார்? கமல் நடித்த தாதா வேலு நாயக்கரிடம் முறையிட வந்து நிற்பவர்கள். போலீஸிடம் அடிபட்டாலும் அவரைக் காட்டிக்கொடுக்காதவர்கள்.

"அந்த விசுவாசந்தாம்ட்டி படமே" என்பார் மாமா.

எனக்கு அது போதவில்லை. 2018-ல் வந்த 'காலா'வில் ரஜினியின் மனைவியாக வரும் ஈஸ்வரி ராவின் செல்வி வாயைத் திறந்ததும் அது எங்கள் சித்தியின் திருநெல்வேலிப் பேச்சு. புருஷனை அதட்டுகிறாள், கொஞ்சுகிறாள், சந்தேகப்படுகிறாள். நாங்கள் இப்படித்தான் பேசுவோம் என்று தியேட்டரில் கத்த வேண்டும்போல இருந்தது. தாராவி மறுசீரமைப்பு, அதில் வீடு கிடைப்பதற்கான குடியிருப்புத் தகுதி என்று தினமும் கேட்கிற எங்களுக்கு, 'நிலம் எங்கள் உரிமை' என்று ஒரு கூட்டமே திரையில் நிற்பது சாதாரணமா?

"ரஜினியும் தாதாதானே?" மாமா விடமாட்டார். நியாயமான கேள்வி. ஆனால் மும்பையை ஸ்தம்பிக்க வைப்பது அவர் கை இல்லை, வேலைக்குப் போகாமல் நிறுத்துகிற சனங்கள். கறுப்பும் சிவப்பும் நீலமுமாகப் பொடி பறக்கிற அந்த முடிவிலும் முன்னால் நிற்பது அவர்கள்தான்.

பாட்டு விஷயத்தில் மட்டும் மாமா பக்கம்தான் நானும். இளையராஜா இளையராஜாதான்.