டீச்சர் வீட்டு மேசை

இந்த மலருக்கு நம் தமிழ் டீச்சரைப் பற்றி எழுதச் சொன்னால் பாதிப் பேர் இலக்கணப் பாடத்தையும் மீதிப் பேர் குடைக்காம்பால் வாங்கிய அடியையும்தான் எழுதுவார்கள். இரண்டும் உண்மை. ரகரமும் றகரமும் இடம் மாறினால் அவருக்குப் பொறுக்காது. அந்தக் கண்டிப்பு கொஞ்சம் கூடுதல் என்றே இன்றைக்கும் நினைக்கிறேன். ஆனால் எனக்கு டீச்சர் என்றதும் ஞாபகத்துக்கு வருவது இலங்கை மலையகத்தில், டிக்கோயா ரோட்டில் அவர் குடியிருந்த வீட்டின் சாப்பாட்டு மேசை.

அதில் யாரும் சாப்பிட்டு நான் கண்டதில்லை. பின்னேரம் தேயிலைக் கொழுந்து நிறுத்து முடிந்ததும் இடுப்பில் கட்டிய படங்குத் துணியைக்கூட அவிழ்க்காமல் பெண்கள் வாசலில் வந்து நிற்பார்கள். "டீச்சரம்மா" என்று ஒரு குரல். "வாங்க, உக்காருங்க. மொதல்ல தேத்தண்ணி" என்று பதில் வரும். பிறகு மடியிலிருந்து பொலித்தீன் பை வெளியே வரும். அதற்குள் நாலாய் மடித்து மடிப்போடு கிழிந்துபோன ஒரு தாள். டீச்சர் அதை மேசையில் விரித்து, உள்ளங்கையால் நீவி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு எழுத்துக் கூட்டி வாசிப்பார். மனு எழுதும்போது அடியில் கார்பன் தாள் வைப்பார். நகலை சீஆர் கொப்பி என்கிற தடித்த நோட்டில் ஒட்டித் திகதி போடுவார்.

இவ்வளவு மனு எதற்கு என்று ஊரைவிட்டு வந்தபின் இங்கே பிறந்த நம் பிள்ளைகள் கேட்கிறார்கள். இலங்கையின் 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் இந்திய வம்சாவளியினரான நம் தாத்தா பாட்டிமாரை நாடற்றவர்களாக்கியது. 1964இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் ஒப்பந்தம் செய்து 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பிரித்தார்கள். மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்க்கலாம் என்று விட்டார்கள். எந்தப் பக்கம் போனாலும் கடதாசி வேண்டும். லயம் என்கிற தோட்டத்து வரிசை வீட்டில் பிறந்த பிள்ளைக்குப் பேர்ப்பதிவே இருக்காது. இருந்தாலும் சிங்களத்தில் எழுதும்போது பேர் உருமாறியிருக்கும். என் அம்மாவுக்கு செக்ரோல் என்கிற தோட்டத் தொழிலாளர் பதிவேட்டில் ஒரு பெயர், கலியாணப் பதிவில் ஒரு பெயர். மூன்றாவது கடதாசி ஒன்றில் அம்மா ஆண்பிள்ளையாகவே மாறியிருந்தார்! சேமலாப நிதி எடுக்கப் போனபோது, இந்த மூன்று பேரில் நீ யார் என்று கேட்டுத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். சத்தியக் கடதாசி முடித்து, கச்சேரி என்கிற மாவட்டச் செயலகத்துக்கு எழுதி, அந்த மூன்று பேரையும் ஓர் ஆளாக்கியது டீச்சர்தான்.

அந்தக் காலத்தில் நம் வகுப்புக்குச் சைவசமய ஆசிரியர் இல்லை. பாடவேளையில் பிள்ளைகள் சும்மா இருப்பதா என்று டீச்சரே எடுத்தார். ஞாயிறு தவறாமல் ஆராதனைக்குப் போகிற கிறிஸ்தவர், முதல் நாள் கோயில் ஐயரிடம் பண் கேட்டு வந்து நமக்குத் தேவாரம் சொல்லித் தந்தார். சிவன் கிழவராக வந்து சுந்தரரைத் தடுத்தாட்கொண்ட கதையை அவர் நடத்தியது என் கூடப் படித்தவர்களுக்கு மறந்திருக்காது. கிழவர் கொண்டுவந்த அடிமையோலையைச் சுந்தரர் பறித்துக் கிழித்துப் போடுகிறார். கிழவர் அசரவில்லை. கிழிந்தது படியோலை, மூலவோலை என்னிடம் பத்திரமாக இருக்கிறது என்கிறார். இந்த இடத்தில் டீச்சர் புத்தகத்தை மூடினார். "பாத்தீங்களா? கடவுளே ஒரிஜினலக் கையில வச்சிக்கிட்டு கொப்பியத்தான் நீட்டுறாரு. வீட்டுல போய் அம்மா அப்பாகிட்ட சொல்லுங்க." சைவப் பாடத்தில் இப்படி ஒரு விளக்கத்தை நான் வேறெங்கும் கேட்டதில்லை.

தன் கிறிஸ்தவ வேதத்தில் அவருக்கு இருந்த பிடிப்பில் நெகிழ்ச்சி கிடையாது. தேர்த் திருவிழாவுக்கு வருவார், செருப்பைக் கழற்றிவிட்டு வெளியே நிற்பார், திருநீறு நீட்டினால் கும்பிட்டு விலகிக்கொள்வார். யாரும் தப்பாக எடுத்ததில்லை. 1854இல் தோட்டங்களுக்கென்று தொடங்கிய தமிழ்க் கூலி மிஷன் காலத்து உபதேசியார் குடும்பம் அவருடையது. டிக்கோயா என்றதும் எல்லாரும் 1878இல் கட்டிய வார்லி தேவாலயத்தைப் படம் எடுப்பார்கள். டீச்சரின் கோயில் அதுவல்ல, தகரக்கூரை போட்ட சின்னக் கோயில். மழை பிடித்தால் பிரசங்கம் காதில் விழாது. அறுப்பின் பண்டிகை ஏலத்தில் லீக்ஸ் கட்டையும் கோவாவையும் விலையேற்றிவிட்டு, கடைசியில் தானே எடுத்துக்கொண்டு போவார். ஞாயிற்றுக்கிழமை மனு எழுதமாட்டார். திங்கள் தவணை என்று யாராவது ஓடிவந்தால் மட்டும், "ஓய்வுநாள்ல ஆடு குழியில விழுந்தா தூக்கமாட்டோமா?" என்று கோயில் படியிலேயே பேனாவைத் திறப்பார்.

அவருடைய மூன்று பிள்ளைகளும் அந்த வீட்டில் தரையில் பாய் விரித்துத்தான் படித்தார்கள். மேசைதான் காலியாய் இருக்காதே. மூத்தவள் என் வகுப்பு. "எங்கம்மாவ ஊரே எடுத்துக்கிச்சு" என்று ஒருமுறை கோபமாகச் சொன்னாள். அது முழுக்கச் சரியுமில்லை. கணவர் இல்லாத வீடு. இரவு மனுக்காரர்கள் போன பிறகு சிம்னி விளக்கில் மூன்று பேரின் யூனிபோமையும் டீச்சரே தைப்பார். கீழ் மடிப்பில் நாலு விரல் துணி விட்டிருக்கும். வருடா வருடம் ஒரு தையலைப் பிரித்தால் போதும், உடுப்பும் பிள்ளையோடு சேர்ந்து வளரும். அதே தையலில் எனக்கும் ஒரு வெள்ளைக் கவுன் வந்தது. சாதாரண தரப் பரீட்சையை அதைப் போட்டுக்கொண்டுதான் எழுதினேன்.

1977 கலவரத்துக்குப் பிறகும் 1983க்குப் பிறகும் வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் குடிபோனவர்கள் வீட்டோடு கடதாசிகளையும் இழந்தார்கள். அங்கிருந்து டீச்சருக்குக் கடிதம் வரும். கொப்பியைப் புரட்டிப் பதிவு இலக்கத்தைத் தேடி அனுப்புவார். இந்தியாவுக்குப் போக ஹட்டன் ஸ்டேஷனில் தலைமன்னார்க் கோச்சி (ரயில்) ஏறிய குடும்பங்களின் பிள்ளைகளுக்கு விடுகைப்பத்திரம் பிழையில்லாமல் கிடைத்ததா என்று பார்த்ததும் அவர்தான். 1988ஆம் ஆண்டுச் சட்டம், பிறகு 2003ஆம் ஆண்டுச் சட்டம் என்று வந்து நாடற்றவர் பிரச்சினை தீர்ந்தபோது டீச்சர் ஓய்வு பெற்றிருந்தார். மேசைக்கு ஆள் வருவது குறைந்ததே தவிர நிற்கவில்லை. பேரைத் திருத்தும் வேலை இன்னும் இருந்தது.

சென்ற வருடம் அடக்க ஆராதனைக்குப் போனவர்கள், கோயிலுக்குள் இருந்ததைவிட வெளியே றோட்டில் கூட்டம் கூட என்று சொன்னார்கள். என்னால் போக முடியவில்லை.

சீஆர் கொப்பிகள் மூத்த மகள் வீட்டில் ஒரு டிரங்குப் பெட்டி நிறைய இருக்கின்றன. மலைநாட்டு ஈரத்தில் சில பக்கங்கள் ஒட்டிப்போயிருக்கின்றன, கார்பன் எழுத்தும் மங்குகிறது. பக்கம் பக்கமாகப் படமெடுத்து வைக்க அவள் சம்மதித்துவிட்டாள். மனுக்களில் குடும்ப விவரங்கள் இருப்பதால் வெளியே போடக்கூடாது என்பது மட்டும் அவளுடைய நிபந்தனை. டிசம்பரில் ஊருக்குப் போகிறவர்களில் நல்ல கமராவும் இரண்டு நாள் பொறுமையும் உள்ளவர்கள் மலர்க்குழுவிடம் பேர் கொடுங்கள்.