ரெக்கார்டின் முதுகில் ஒரு முத்திரை: ஆறு மாத வேட்டைக் கணக்கு

தை பிறந்த கையோடு ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கினேன். மாதம் ஆயிரம் ரூபாய், ஆறு மாதம். அந்த 6,000 ரூபாய்க்குள் ரெக்கார்டு பிளேயரும் வர வேண்டும், கேட்கிற மாதிரி நாலு இசைத்தட்டும் வர வேண்டும். மீறினால் வீட்டில் பேச்சு வாங்க வேண்டியிருக்கும். பெரிய நகரங்களில் ரெக்கார்டுக்கென்றே கடை வைத்திருக்கிறார்கள். பெட்டி பெட்டியாக நிற்க வைத்திருப்பார்கள், விரலால் தள்ளித் தள்ளிப் பார்க்கலாம். மதுரையில் நான் சுற்றிய வரைக்கும் அப்படிப் போர்டு மாட்டிய கடை ஒன்றும் என் கண்ணில் படவில்லை. அதனால் இரும்புக் கடை, ரேடியோ செட்காரர் வீடு, காரைக்குடி என்று அலைந்து, கடைசியில் மேலமாசி வீதிப் பக்கம் ஒரு ஜெராக்ஸ் கடையில் போய் முடிந்தது.

முதலில் பிளேயர். தெற்குவாசல் பக்கம் ஒரு ரேடியோ மெக்கானிக்கிடம் மூடி போட்ட பழைய பெட்டி பிளேயர் கிடைத்தது. ரிப்பேர் கூலியோடு 2,500. புது முள் தனியாக 350. 'ஓடுதுண்ணே, அருமையா ஓடுது' என்றார். ஓடத்தான் செய்தது, ஆனால் ஆமை மாதிரி. வீட்டில் வைத்துப் போட்டால் டி.எம்.எஸ். ஜலதோஷம் பிடித்த மாதிரி பாடினார். இது நம்ம ஊர்க்காரர் குரல், எனக்குத் தெரியாதா?

வேகத்தைச் சோதிக்க ஒரு மலிவான வழி உண்டு. கோடு கோடாக அச்சிட்ட வட்டத் தாளைத் தட்டின்மேல் வைத்து, பழைய சோக் போட்ட டியூப் லைட் வெளிச்சத்தில் சுற்ற விட வேண்டும். நம் கரண்ட் 50 சைக்கிள். அதனால் அந்த லைட் வினாடிக்கு 100 தடவை மினுக்கும். தாளில் 180 கோடு இருந்து, தட்டு சரியாக நிமிடத்துக்கு 33⅓ சுற்றில் ஓடினால், கோடுகள் அசையாமல் நிற்பதுபோலத் தெரியும். மெதுவாக ஓடினால் பின்னால் நகரும். எல்.இ.டி. பல்பு பல சமயம் இப்படி மினுக்காது, அதை நம்பிப் பயனில்லை. எங்கள் வீட்டில் பழைய சோக் லைட் மிச்சமிருந்தது சமையலறையில் மட்டும்தான். பிளேயரைத் தூக்கிக்கொண்டு போய் கிரைண்டர் பக்கத்தில் வைத்ததும், 'இதையும் சேத்து அரைக்கப் போறியா?' என்றார் அம்மா.

கோடுகள் விடுவிடுவென்று பின்னால் ஓடின. கணக்குப் பார்த்தால் நிமிடத்துக்கு 31 சுற்றுதான் வந்தது. அரை சுருதிக்கும் கொஞ்சம் கூடவே இறக்கம். காரணம் உள்ளே இருக்கிற ரப்பர் சக்கரம். மோட்டார் தண்டிலிருந்து சுற்றை வாங்கித் தட்டின் உள்விளிம்புக்குக் கொடுப்பது அதுதான். வருடக்கணக்கில் சும்மா கிடந்தால் ரப்பர் இறுகி வழுக்கும். திரும்பத் தூக்கிக்கொண்டு போனேன். மெக்கானிக் உப்புத்தாளால் சக்கரத்தின் விளிம்பை லேசாகத் தேய்த்து, தண்டில் ஒட்டியிருந்த பழைய எண்ணெயைத் துடைத்து எடுத்தார். பத்து நிமிட வேலை. காசு வாங்கவில்லை. டி.எம்.எஸ். ஜலதோஷம் தீர்ந்தது.

மாசியில் சிம்மக்கல் பக்கம் ஒரு பழைய இரும்புக் கடை. சாக்குக்கு அடியில், நிமிடத்துக்கு 78 சுற்று ஓடுகிற அந்தக் காலத்துத் தட்டுகள் ஒரு கட்டு இருந்தன. கடைக்காரருக்கு அது என்னவென்று சரியாகத் தெரியவில்லை. ஆனால் 'நாய் படம் போட்டது' என்றால் விலை என்று மட்டும் யாரோ சொல்லி வைத்திருக்கிறார்கள். எச்.எம்.வி. முத்திரை இருந்தால் கூட்டிச் சொல்கிறார், பாடியது யார் என்று பார்ப்பதில்லை. பேரம் பேசி ஆறு தட்டு 250 ரூபாய். அதில் ஒன்று வண்டியில் வரும்போதே வேகத்தடையில் ஏறி இறங்கியதும் இரண்டாகப் போனது. அரக்கு கலந்து செய்த தட்டு அது, கண்ணாடி மாதிரி உடையும். பின்னால் வந்த எல்.பி., அதாவது 33⅓ சுற்றுப் பெரிய தட்டு, பிளாஸ்டிக். கீழே போட்டாலும் அவ்வளவு லேசில் உடையாது.

இன்னொன்றை நானே கெடுத்தேன். அழுக்குப் போகட்டும் என்று மெடிக்கலில் வாங்கிய ஸ்பிரிட்டைப் பஞ்சில் தொட்டுத் துடைத்தேன். பஞ்சு பழுப்பாக மாறியது. ஆகா, எவ்வளவு அழுக்கு என்று சந்தோஷப்பட்டு இன்னும் அழுத்தித் துடைத்தேன். வந்தது அழுக்கு இல்லை, தட்டேதான். ஸ்பிரிட்டில் அரக்கு கரையும். மரச்சாமானுக்குப் பாலிஷ் போடுகிறவர்கள் அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்துத்தானே பூசுகிறார்கள், அது அப்போது என் புத்திக்கு எட்டவில்லை. இப்போது பேட்டரி கடையில் விற்கிற டிஸ்டில்டு வாட்டர், அதில் ஒரு சொட்டு பாத்திரம் கழுவுகிற திரவம், மெல்லிய துணி. அவ்வளவுதான். நடுவில் ஒட்டியிருக்கிற தாளில் மட்டும் ஈரம் படக்கூடாது.

மிச்சம் நாலு. ஒரு பக்கம் மூன்று நிமிடம் சொச்சம் ஓடும். இவற்றுக்கு முள்ளை அதன் தடித்த பக்கத்துக்குத் திருப்பிப் போட வேண்டும். 78 தட்டின் பள்ளம் எல்.பி.யின் பள்ளத்தைவிட இரண்டு மடங்குக்கு மேல் அகலம். மெல்லிய முள்ளைப் போட்டால் பள்ளத்தின் அடியில் கிடக்கிற தூசியைத்தான் கேட்கலாம். எம்.எஸ். சுப்புலட்சுமி மதுரையில் பிறந்தவர், பத்து வயதில், 1926இல், அவர் பாடிய முதல் தட்டு வந்தது. இரும்புக் கடைச் சாக்கைக் கிளறும்போதெல்லாம் அது வந்து மாட்டாதா என்று ஒரு நப்பாசை. என் நாலில் இரண்டு நாடக வசனம், ஒன்று கிளாரினெட், இன்னொன்றில் பெயர்த்தாளே இல்லை. யாரோ ஒரு அம்மா அழகாகப் பாடுகிறார்.

பங்குனியில்தான் பெரிய ஏமாற்றம். செக்கானூரணிக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமத்தில், ரேடியோ செட் வைத்திருந்த ஒருவர் வீட்டில் டிரங்குப் பெட்டி நிறைய ஈ.பி., அதாவது 45 சுற்றுச் சின்னத் தட்டு, இருப்பதாகத் துப்பு கிடைத்தது. காதுகுத்து, சடங்கு, கல்யாணம், கிடாவெட்டு எதுவானாலும் முதல் நாளே குழாய் கட்டி, பிள்ளையார் பாட்டில் தொடங்கி, விடிய விடியப் போட்டவர். 'ரெக்கார்டு டான்ஸ்' என்ற பேரே இந்தத் தட்டுகளால் வந்ததுதான். தட்டுகள் போய்ப் பல வருடமாகியும் பேர் போகவில்லை.

'எல்லாத்தையும் அள்ளிக்கங்க தம்பி, ஒண்ணு முப்பது ரூவா' என்றார். இருபது எடுத்தேன், 600. அவர் வீட்டுத் திண்ணையில் பருத்திப்பால் குடித்துவிட்டு, ராஜா மாதிரி வீடு வந்தேன். போட்டுப் பார்த்தால் ஏழுதான் ஓடியது. ஐந்து ஓர் இடத்தில் மாட்டிக்கொண்டு சொன்னதையே சொன்னது. 45 சுற்றுத் தட்டில் ஒரு சுற்று ஒன்றே கால் வினாடிக்குக் கொஞ்சம் கூட, அந்த அளவுக்கு ஒரு துண்டு வரி திரும்பத் திரும்ப வரும். கீறல் விழுந்த ரெக்கார்டு என்று ஆளைத் திட்டுவதற்குச் சொல்கிறோமே, அது எவ்வளவு பொருத்தமான வசவு என்று அன்றைக்குத்தான் விளங்கியது. மீதி எட்டில் வடைச் சட்டி சத்தம் மட்டும்.

தப்பு அவருடையது இல்லை. முள்ளைத் தாங்குகிற கனமான பிக்கப், மாற்றாத முள், புழுதி, வெட்டவெளி. ஒரு கல்யாணப் பாட்டை ஒரு முகூர்த்தத்துக்குப் பத்துத் தடவை போட்டால் தட்டு என்ன செய்யும்? நான்தான் அங்கேயே பார்த்து எடுத்திருக்க வேண்டும். வெயிலில் சாய்த்துப் பிடித்தால் நல்ல தட்டு கருகருவென்று மின்னும், தேய்ந்தது சாம்பல் பூத்திருக்கும். கீறலை நகத்தால் மெல்லத் தடவ வேண்டும். நகம் தடுக்கினால் முள்ளும் தடுக்கும். எல்லாவற்றையும்விட எனக்குப் பிடித்த சோதனை நடு ஓட்டையைச் சுற்றிப் பார்ப்பது. தட்டைக் கண்ணை மூடிக்கொண்டு கம்பியில் செருகும்போதெல்லாம் பெயர்த்தாளில் மெல்லிய கோடு விழும். சிலந்தி வலை மாதிரிக் கோடு இருந்தால் அந்தத் தட்டு நிறைய ஊழியம் பார்த்திருக்கிறது. இதெல்லாம் எனக்கு முன்னமே தெரியும். முப்பது ரூபாய் என்றதும் மறந்துவிட்டது.

சித்திரையில் ஒன்றும் வாங்கவில்லை. ஊரே திருவிழாவில் இருந்தது. நஷ்டம் மட்டும் உண்டு. ஓடிய ஏழு ஈ.பி.களை மாடி அறையில் மேற்குச் சுவரில் சாய்த்து வைத்திருந்தேன். அக்னி நட்சத்திரம் தொடங்கிய வாரம் போய்ப் பார்த்தால் இரண்டு அப்பளமாக நெளிந்திருந்தன. இப்போது எல்லாம் கீழே, பீரோவின் அடித்தட்டில், சாய்க்காமல் நேராக நிற்கின்றன. அம்மாவின் பட்டுச்சேலைகளுக்குப் பக்கத்து இடம், அதற்குத் தனிப் பேச்சுவார்த்தை.

வைகாசியில் காரைக்குடி. மாட்டுத்தாவணியில் பஸ் ஏறினால் மேலூர், திருப்பத்தூர் வழியாக இரண்டு மணி நேரச் சொச்சம். முனீஸ்வரன் கோவில் தெருவில் பழம்பொருள் கடைகள் வரிசையாக இருக்கின்றன. செட்டிநாட்டு வீடுகளிலிருந்து வந்த எனாமல் தூக்குச்சட்டி, ரவிவர்மா படம், மரத்தூண், நடுவில் எங்காவது ஒரு ரெக்கார்டுக் கட்டு. விலை வெளிநாட்டுக்காரர்களைப் பார்த்துப் பழகிய விலை. குழாய் வைத்த கிராமபோனைக் கேட்கவே பயந்தேன். புதிதாகச் செய்து பழசு என்று விற்பதும் உண்டு என்று கேள்வி. வெங்கடேச சுப்ரபாதம் எல்.பி. ஒரே கடையில் மூன்று இருந்தது. 1963இல் வந்து வீட்டுக்கு வீடு போன தட்டு. மூன்றிலும் முதல் பக்கம் சாம்பல். தினம் விடியலில் போட்ட தட்டு வேறு எப்படி இருக்கும்? கே.பி. சுந்தராம்பாளின் பக்திப் பாடல் எல்.பி. ஒன்று 450, சீர்காழி கோவிந்தராஜனின் முருகன் பாடல் ஈ.பி. ஒன்று 100. பஸ்ஸும் சாப்பாடும் 300. நோட்டில் மிச்சம் 1,450.

அந்த ஈ.பி.யின் முதுகில்தான் விஷயம் இருந்தது. வீட்டுக்கு வந்து உறையைத் துடைக்கும்போது பார்த்தேன். ஊதா மையில் மங்கிய ரப்பர் முத்திரை. ஒரு ரெக்கார்டிங் சென்டரின் பேர், மதுரை, மேலமாசி வீதிக்குப் பக்கத்துச் சந்தின் பேர், கீழே பேனாவால் 386 என்று ஓர் எண். தட்டோ புத்தம் புதுசு. நடு ஓட்டையைச் சுற்றி நாலைந்து கோடுதான்.

எண்பதுகளில் மதுரையில் ரெக்கார்டு வாங்கக் கூடியவர்கள் கொஞ்சம் பேர்தான், மற்றவர்களுக்கு ரெக்கார்டிங் சென்டர். பாட்டு லிஸ்ட்டை நோட்டுத்தாளில் எழுதிக் கொடுத்தால் அவர்கள் எல்.பி.யிலிருந்து கேசட்டில் பதிந்து தருவார்கள். 60 கேசட் என்றால் பக்கத்துக்கு அரை மணி நேரம். என் சித்தப்பா இன்னும் அந்த லிஸ்ட்களைப் பத்திரமாக வைத்திருக்கிறார். அப்படியானால் ஊரிலேயே நல்ல தட்டு அந்தக் கடைகளில்தான் இருந்திருக்க வேண்டும். அது ஏன் எனக்கு ஐந்து மாதம் தோன்றவில்லை என்று இன்னும் யோசிக்கிறேன்.

ஆனி முதல் ஞாயிறு, ஈ.பி.யைப் பையில் போட்டுக்கொண்டு அந்தச் சந்துக்குப் போனேன். முத்திரையில் இருந்த பேரில் கடை இல்லை. டீக்கடையில் கேட்டதும் எதிரே இருந்த ஜெராக்ஸ் கடையைக் காட்டினார்கள். பிரிண்டர் பக்கத்தில் இருந்தவர் மகன். உள்ளே ஈஸிசேரில் பெரியவர். ஈ.பி.யைக் கொடுத்ததும் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு முதுகைத் திருப்பித்தான் முதலில் பார்த்தார்.

'நம்ம கடைத் தட்டு. எங்க தம்பி கிடைச்சது?'

'காரைக்குடியில, அய்யா. நூறு ரூபாய்.'

'இரவல் வாங்கிட்டுப் போனவன் அங்க வரைக்கும் கொண்டு போயிட்டானா!'

பிறகு ஒரு மணி நேரம் அவர்தான் பேசினார். அவசரப்படவே முடியாத தொழிலாம். ஒரு மணி நேரக் கேசட்டுக்கு ஒரு மணி நேரம் உட்கார வேண்டும். அதனால் எல்லாரும் கேட்கிற பாட்டை ஒரே தடவை நல்ல டேப்பில் ஏற்றி வைத்துக்கொண்டு, அப்புறம் அதிலிருந்தே காப்பி எடுப்பாராம். யாராவது எப்போதாவது கேட்கிற பாட்டுக்கு மட்டும் தட்டையே போடுவார். நான் நினைத்ததற்கு நேர் எதிர். இந்தக் கடைத் தட்டில் ஊரே பாடிய பாட்டு புதுசாக இருக்கும், சுமாராக ஓடிய பாட்டுத்தான் தேய்ந்திருக்கும். அங்கேயே ஜன்னல் வெளிச்சத்தில் ஓர் எல்.பி.யைச் சாய்த்துக் காட்டினார். நாலாவது பாட்டு மட்டும் லேசாகச் சாம்பல். 'இதை ஒருத்தர் மாசா மாசம் வந்து பதிவாரு. யாருக்குக் குடுத்தாரோ' என்றார்.

இளையராஜா தட்டுகள் போய்விட்டன. சென்னையிலிருந்து யாரோ வந்து மொத்தமாக எடுத்துப் போய்விட்டாராம். அவர் பாட்டுகளை வெளியிட்ட எக்கோ கம்பெனியின் எல்.பி. ஒன்று மட்டும் கிடந்தது. பக்கத்துக்கு ஒரு படம், ஒரு பக்கத்தில் ஆழமான கீறல், அதனால் விட்டுவிட்டார்கள். நான் எடுத்தேன், ஒரு பக்கம் போதும். அதோடு மதுரை சோமு, மதுரை மணி ஐயர், காருகுறிச்சி அருணாசலத்தின் நாகஸ்வரம். ஒன்று 250 வீதம் நாலு, 1,000. சினிமாப் பாட்டைத் துரத்துகிறவர்கள் இந்தக் கச்சேரித் தட்டுகளைத் தொடுவதில்லை, என் மாதிரி ஆளுக்கு அது நல்லது. காருகுறிச்சியாரை அன்று சாயங்காலமே போட்டேன். கிட்டத்தட்ட இருபது நிமிடம் ஒரு கிறீச் கிடையாது. அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.

கிளம்பும்போது ஈ.பி.யைத் திருப்பித் தரட்டுமா என்று கேட்டேன், மனசில்லாமல்தான். வேண்டாம் என்றுவிட்டு, மகனிடம் சொல்லி ஒரு நீள நோட்டை எடுத்து வரச் சொன்னார். 386க்கு நேரே பென்சிலில் 'இரவல்' என்று எழுதி ஒரு பேர் இருந்தது. பேரை அடித்துவிட்டு என் பேரைக் கேட்டு எழுதிக்கொண்டார். 'இரவல்' என்பதை அடிக்கவில்லை.

உறைகளும் டிஸ்டில்டு வாட்டரும் 150 போக, நோட்டில் மிச்சம் 300. பரண்மேல் இன்னும் ஒரு பெட்டி இருக்கிறதாம், பையனுக்கு ஒழிந்தால் ஆடியில் இறக்கி வைப்பதாகச் சொன்னார். ஆடித் தள்ளுபடி உண்டா அய்யா என்று கேட்டேன். காது கேட்காதவர் மாதிரி ஜெராக்ஸ் மெஷினைப் பார்த்துக்கொண்டிருந்தார்.